சம்பளத்தில் வளர்ந்த கலை: கல்முனைக் கரையில் அரச பணத்தின் எழுபது ஆண்டுகள்

நீலாவணன் ஆசிரியர். மருதூர்க்கொத்தன் ஆசிரியர். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் ஆசிரியர். எம். ஏ. நுஃமான் பாடசாலை ஆசிரியராகத் தொடங்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஏ4 வீதியோரமாகத் தெற்கே பொத்துவில் வரை போனால், கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதியவர்களில் பெரும்பகுதியினர் பகலில் கரும்பலகைக்கு முன் நின்றவர்கள். மிச்சப்பேரில் பலர் கந்தோர் உத்தியோகத்தர்கள். எழுதிப் பிழைத்தவர் என்று ஒருவரைக் காட்டுவது கடினம்.

கலைக்கு அரசு என்ன செய்தது என்று இந்தக் கரையில் நின்று கேட்டால் இரண்டு வரலாறுகள் கிடைக்கின்றன. ஒன்று, சட்டங்களிலும் திணைக்களங்களிலும் விருதுப் பட்டியல்களிலும் பதிவானது. மற்றது, மாதாமாதம் இருபத்தைந்தாம் திகதியை ஒட்டிக் கைக்கு வந்த சம்பளத்தில் ஒளிந்திருப்பது. முதலாவதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பெரும்பாலும் புகழுரையாக, சிலவேளை புறக்கணிப்பின் புலம்பலாக. இரண்டாவதையும் பக்கத்தில் வைத்தால்தான் முதலாவதன் உண்மையான அளவு தெரியும்.

கலைக்குப் பொதுப்பணம் கொடுக்கும் நவீன ஏற்பாடு போர்க்காலப் பிரித்தானியாவில் உருவானது. 1940இல், போருக்கு நடுவே மக்களின் மனத்தெம்பைக் காக்க இசை, நாடகம், ஓவியம் ஆகியவற்றை ஊக்குவிக்கும் சபை ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. பொருளியலாளர் கெய்ன்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். 1946இல் அதுவே பிரித்தானியக் கலைக்கழகமாக மாறியது. அரசு பணத்தைத் தரும், யாருக்கு என்பதை அமைச்சர் முடிவு செய்ய மாட்டார், கலை அறிந்தவர்களின் குழு முடிவு செய்யும் என்பது அதன் அடிப்படை. இந்த மாதிரி அந்தக் காலத்துச் சட்டப் புத்தகங்களோடு சேர்ந்து முன்னாள் காலனிகளுக்கும் வந்தது. 1952ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைக் கலைக்கழகம் அமைந்தது. இந்தியாவில் சங்கீத நாடக அகாதமியும் சாகித்திய அகாதமியும் லலித் கலா அகாதமியும் எழுந்தது 1953, 1954ஆம் ஆண்டுகளில்.

நான்கு வருடத்தில் இலங்கை வேறு பாதைக்குத் திரும்பியது. 1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு கலாசாரத்துக்கென்று ஓர் அமைச்சை நிறுவியது. கலாசாரத் திணைக்களமும் அப்போதுதான் பிறந்தது. பிரான்சில் ஆந்த்ரே மால்ரோவின் கீழ்க் கலாசார அமைச்சு வந்தது 1959இல். இந்த விடயத்தில் கொழும்பு பாரிசுக்கு மூன்று வருடம் மூத்தது. ஆனால் அதே 1956தான் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டத்தின் வருடம். புத்தஜெயந்தியின் வருடமும் அதுவே. அமைச்சின் உள்ளத்தில் அனுராதபுரமும் திரிபிடக மொழிபெயர்ப்பும் சிங்களக் கலைக்களஞ்சியமும் இருந்தன. தமிழுக்கு ஒரு குழு, ஒரு பிரிவு, ஒரு விழா என்று ஒதுக்கீடு வந்தது. தமிழ் பேசும் முஸ்லிமுக்கு அந்த ஒதுக்கீட்டுக்குள் ஓர் ஓரம்.

அந்தச் சின்ன ஒதுக்கீட்டிலும் பெரிய காரியம் நடந்தது என்பதை மறுக்க முடியாது. சரத்சந்திரவின் ‘மனமே’ 1956 நவம்பரில் மேடையேறிச் சிங்கள அரங்கையே புரட்டிப்போட்ட பின், பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமையில் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக்குழு கூத்தைத் தேடிக் கிராமங்களுக்குப் போனது. மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்கு வந்தன. ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்று 1960களில் வரிசையாக வந்த தயாரிப்புகள் ஈழத்து அரங்க வரலாற்றின் அத்தியாயங்களாயின. ஏட்டில் கிடந்த கூத்துப் பிரதிகள் அச்சேறின. மட்டக்களப்பின் நாட்டுப் பாடல்களும் தொகுக்கப்பட்டன.

அம்பாறை என்ற மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. ஆகவே மட்டக்களப்பு நாட்டுப் பாடல் என்று அன்று சொல்லப்பட்டதில் கல்முனைக் கரையின் கவிகளும் அடக்கம். அவற்றில் பெரும் பங்கு முஸ்லிம் கிராமங்களின் வயல்வெளியிலும் வேலியோரத்திலும் பிறந்தது. மச்சானும் மச்சியும் மாறிமாறிச் சொல்லும் அந்தக் கவிகள் தொகுப்புக்குள் போயின. பாடியவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். கூத்துக்கு அண்ணாவியார் இருந்தார், களரி இருந்தது, விடிய விடிய ஆடும் பிரதி இருந்தது. அதனால் ‘நாடகம்’ என்ற தலைப்பின் கீழ் அதற்குப் பணம் ஒதுக்க முடிந்தது. முஸ்லிம் ஊர்களின் பொல்லடி ஆட்டத்துக்கும் றபான் மேளத்துக்கும் பக்கீர்களின் பைத்துப் பாட்டுக்கும் அத்தகைய தலைப்பு எதுவும் அன்றைய கணக்கேட்டில் இருக்கவில்லை. யாரும் வேண்டுமென்று தள்ளிவைத்ததாகச் சொல்ல ஆதாரம் தேவை. தலைப்பு இல்லாத செலவைக் கந்தோர் எழுதாது என்பதே போதிய விளக்கம்.

இலக்கியப் பக்கத்தில் சாகித்திய மண்டலம் இருந்தது. அதன் பரிசும் விழாவும் தமிழ் எழுத்தாளரிடையே மதிப்பைவிட மல்லுக்கட்டையே அதிகம் உண்டாக்கின. 1963இல் யாழ்ப்பாணத்தில் நடந்த சாகித்திய விழாவில் மேடையை நோக்கிக் கூழ்முட்டை பறந்த கதை இன்னும் சொல்லப்படுகிறது. யார் எறிந்தார், யார் எறியச் சொன்னார் என்ற வாதத்தைவிட முக்கியம் ஒன்று உண்டு. கலை அறிந்தவர் குழு முடிவு செய்யும் என்ற கெய்ன்ஸின் ஏற்பாடு, அந்தக் குழுவில் யார் உட்காருவது என்ற கேள்விக்கு விடை வைத்திருக்கவில்லை. அந்தச் சண்டை நடந்தபோது கல்முனை பார்வையாளர் வரிசையில்கூட இல்லை.

இருந்தும் அதே வருடங்களில்தான் கல்முனை தன் சொந்தக் காலில் ஓர் இலக்கியத் தலைநகராக எழுந்தது. 1961இல் கல்முனை எழுத்தாளர் சங்கம் உருவானது. அதன் மையத்தில் நீலாவணன் இருந்தார். அவர் ‘பாடும்மீன்’ இதழை நடத்தினார். நுஃமான் 1969இல் தொடங்கிய ‘கவிஞன்’ காலாண்டிதழ் கவிதைக்கென்றே வந்தது. கல்முனை வாசகர் சங்கம் என்ற பெயரில் வெளிவந்த நூல்கள் இன்னும் வியப்பூட்டும். யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவியின் ‘கோடை’ 1970இல் கல்முனையிலிருந்து வெளியானது. நுஃமானின் ‘தாத்தாமாரும் பேரர்களும்’ 1977இலும் ‘பலஸ்தீனக் கவிதைகள்’ 1981இலும் வந்தன. 1966இல் மருதமுனையில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு ஒன்று நடந்தது; அந்தத் துறையில் பின்னால் திருச்சியிலும் கொழும்பிலும் கீழக்கரையிலும் கூடிய பெரிய மாநாடுகளுக்கு அந்த நெசவாளர் ஊர் முன்னோடி.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் எழுதியவர்களின் பையிலிருந்து. அந்தப் பையில் பணம் வந்தது பாடசாலையிலிருந்து. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் கரையோரமெங்கும் பாடசாலைகள் பெருகின, ஆசிரியர் கலாசாலை அட்டாளைச்சேனையிலேயே இருந்தது, வயல்காரனதும் மீன்பிடிகாரனதும் மகன் ஓய்வூதியம் உள்ள உத்தியோகத்துக்குப் போனான். அவனுக்குப் பின்னேரம் இருந்தது, விடுமுறை இருந்தது, ஊருக்குள் மதிப்பிருந்தது, மாதக் கடைசியில் ஒரு தொகையும் இருந்தது. கலாசார அமைச்சின் எந்தத் திட்டமும் இந்தக் கரைக்கு இவ்வளவு கொடுக்கவில்லை. 2022இல் அயர்லாந்து அரசு 2,000 கலைஞர்களைத் தேர்ந்து வாரம் 325 யூரோ வீதம் மூன்று வருடத்துக்குக் கொடுக்கும் பரிசோதனையைத் தொடங்கியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. எதை எழுதினாய், எத்தனை விற்றாய் என்று கேட்காமல் ஒருவருக்கு நிலையான வருமானம் இருந்தால் அவர் என்ன படைப்பார் என்பதே அந்தச் சோதனை. கல்முனையில் அது திட்டமிடாமலே ஒரு தலைமுறை முழுக்க நடந்து முடிந்தது.

குறையும் உண்டு. சம்பளம் எழுத நேரம் கொடுத்தது, அச்சிடப் பணம் கொடுக்கவில்லை. நீலாவணன் 1975இல் நாற்பத்து மூன்று வயதில் இறந்தார். அவரது கவிதைத் தொகுதி ‘வழி’ 1976இல் வந்தது, ‘வேளாண்மை’க் காவியம் 1982இல். கிழக்கின் தலைசிறந்த கவிஞர்களில் ஒருவருக்குத் தன் கவிதைத் தொகுதியைக் கையில் வைத்துப் பார்க்கக் கிடைக்கவில்லை.

கலாசாரக் கொள்கை என்று பெயர் வைக்காத கொள்கைகளே கரையோரத்தைப் பலமாகத் தொட்டன என்பதற்கு இன்னொரு சான்று மருதமுனைத் தறி. 1970இல் வந்த அரசு இறக்குமதியை இறுக்கியது. வெளிநாட்டுத் துணி வரத்துக் குறைந்தது. உள்ளூர்க் கைத்தறிக்குக் கிராக்கி எழுந்தது. மருதமுனைச் சாறனும் சாரியும் நாடெங்கும் போயின. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். பாவோட்ட ஒருவர், சாயம் போட ஒருவர், நூல் சுற்ற வீட்டுப் பெண்கள், நாடா தள்ள ஒருவர் என்று ஒரு சாரிக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றது. அதே காலத்தில் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. ஈழத்து இதழ்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது அப்போதுதான் என்று அன்றைய எழுத்தாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. இயந்திரத்தறித் துணியும் இந்தியத் துணியும் வந்து குவிந்தன; தறிகள் ஒவ்வொன்றாக மௌனித்தன. மருதமுனை முற்றாகக் கைவிடவில்லை, இன்றும் அங்கே நெசவு உண்டு. ஆனால் ஊரின் பிழைப்பு என்ற நிலையிலிருந்து ஊரின் அடையாளம் என்ற நிலைக்கு அது இறங்கியது. 1982ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் தேசிய அருங்கலைகள் பேரவையையும் தேசிய வடிவமைப்பு நிலையத்தையும் உருவாக்கியது. ‘சில்ப அபிமானி’ என்ற ஜனாதிபதி விருதும் கைவினைஞருக்கு உண்டு. சந்தையை ஒரு கையால் எடுத்துவிட்டு மற்றக் கையால் சான்றிதழ் நீட்டும் இந்த முறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. கலாசார நிதியின் உலக வரலாற்றில் பாதி இதுவே.

திறந்த பொருளாதாரத்தின் அந்தச் சில வருடங்களில்தான் இன்றுள்ள கலாசார நிறுவனங்கள் பலவும் பிறந்தன. 1978இல் டவர் மண்டப அரங்க மன்றம். 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் மத்திய கலாசார நிதியம். இந்த நிதியத்தின் பொறிமுறை கெட்டிக்காரத்தனமானது: யுனெஸ்கோவின் ஆதரவோடு அனுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா, தம்புள்ளை, கண்டி ஆகிய இடங்களின் புனரமைப்புக்குத் தொடங்கி, உல்லாசப் பயணிகளின் நுழைவுச்சீட்டுப் பணத்தில் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் ஏற்பாடு. சீகிரியா ஏறும் ஒரு வெளிநாட்டவர் கொடுப்பது 30 டொலருக்குக் குறையாத தொகை. பணம் கல் இருக்கும் இடத்தில் திரண்டு கல்லுக்கே திரும்புகிறது. கல்லில் செதுக்காமல் தொண்டையில் மரபை வைத்திருக்கும் ஊர்களுக்கு அந்தச் சுற்றில் இடமில்லை.

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. கலாசார நிர்வாகம் சமயவாரியாகப் பிரிந்தது. 1980களின் தொடக்கத்தில் முஸ்லிம் சமய, பண்பாட்டலுவல்கள் திணைக்களம் தனியாக வந்தது. இந்து சமய, கலாசார அலுவல்களுக்கு வேறொன்று. தமக்கென்று ஒரு கதவு கிடைத்ததில் முஸ்லிம்களுக்கு நியாயமான மகிழ்ச்சி இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்த வேலை பள்ளிவாசல் பதிவு, வக்பு, ஹஜ், அஹதிய்யாப் பாடசாலை, தேசிய மீலாத் விழா. மீலாத் விழா ஆண்டுக்கொரு மாவட்டத்தில் நடக்கும். கட்டுரை, கவிதை, பேச்சுப் போட்டிகள் அதோடு வரும். 1990களின் முற்பகுதியில் இராஜாங்க அமைச்சர் ஏ. எச். எம். அஸ்வர் நடத்திய ‘வாழ்வோரை வாழ்த்துவோம்’ நிகழ்ச்சிகள் முஸ்லிம் எழுத்தாளரையும் கலைஞரையும் மேடையேற்றி அரபுப் பட்டங்கள் சூட்டின. கிண்டல் செய்தவர் உண்டு. இறந்தபின் கூட்டம் போடுவதைவிட உயிரோடு இருக்கையில் பொன்னாடை போர்த்துவது மேல் என்ற அவரது வாதத்துக்கு எதிர்வாதம் சொன்னவர் இல்லை.

சிக்கல் வேறிடத்தில். கல்முனைக்குடியின் பொல்லடி எந்தக் கதவுக்குப் போகவேண்டும்? சோடிசோடியாக ஆண்கள் வட்டத்தில் நிற்பார்கள். இரண்டு கையிலும் கடைந்தெடுத்த பொல்லு, இடுப்பில் சாறன், தலையில் லேஞ்சி. அண்ணாவியார் பாட்டெடுத்துக் கொடுப்பார். மெதுவாகத் தொடங்கும் அடி போகப்போக ஏறும். உள்வட்டம் வெளிவட்டமாகும், ஒருவன் பிந்தினால் பக்கத்தில் உள்ளவனின் விரல் பதம் பார்க்கப்படும். பாட்டு தமிழ். பாடுபொருள் நபிமார் கதையாகவும் இருக்கலாம், மாப்பிள்ளைப் புகழாகவும் இருக்கலாம். இது சமயமா, நாடகமா, நாட்டாரியலா? முஸ்லிம் திணைக்களத்துக்கு இது மார்க்கக் காரியமாகத் தெரியாது. ஊரிலேயே சில உலமாக்களுக்கு இது ஒவ்வாது. தமிழ்க் குழுவுக்கு இது முஸ்லிம்களுடையது. ஆகவே நெடுங்காலம் இதன் புரவலர்கள் கலியாண வீட்டுக்காரர்களும் கத்னா வீட்டுக்காரர்களும்தான். அவர்களுக்கு அடுத்தபடி அரசியல்வாதிகள்: அமைச்சர் வருகிறார் என்றால் வீதியில் பொல்லடி வரவேற்பு இல்லாமல் ஊர்வலம் புறப்படாது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் வருடந்தோறும் ஏறும் கொடியும், அதை ஒட்டிக் கூடும் பக்கீர்களின் றாத்திபும் எந்தத் திணைக்களத்தையும் நம்பியிருந்ததில்லை. நேர்ச்சைப் பணமும் ஊர்ப்பணமும் அவற்றை நடத்துகின்றன.

13ஆவது திருத்தம் 1987இல் வந்தபோது கலாசாரமும் மாகாணத்துக்கு இறங்கியது. திருகோணமலையில் வடக்கு கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் இயங்கத் தொடங்கியது. 2007இலிருந்து கிழக்குக்குத் தனித் திணைக்களம். மாகாணத் தமிழ் இலக்கிய விழா, நூற்பரிசு, மூத்தோருக்கு வித்தகர் விருது, எழுத்தாளரிடமிருந்து நூல் கொள்வனவு என்று அதன் வேலைகள் விரிந்தன. கொழும்பை அண்ணாந்து பார்த்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். தமிழிலேயே விண்ணப்பம், தமிழிலேயே பதில், தெரிவுக்குழுவில் தெரிந்த முகங்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை. வடக்கு கிழக்கு மாகாண சபை 1988இல் தெரிவாகி 1990இல் கலைந்தது. கிழக்கு மாகாண சபை 2008 முதல் 2017 வரை இருந்தது. இந்தப் பத்துப் பதினொரு வருடம் போக மிச்சக் காலமெல்லாம் ஆளுநரின் ஆட்சி. மக்களின் பண்பாட்டை மக்களின் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கப் பிறந்த திணைக்களம், தன் ஆயுளின் பெரும்பகுதியை மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் கழித்திருக்கிறது.

நூல் கொள்வனவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. கல்முனைக் கரையில் இன்று ஒரு கவிதைப் புத்தகம் எப்படி வருகிறது? எழுதியவர் சொந்தப் பணத்தில், பலவேளை வீட்டு நகையின் தயவில், முந்நூறு அல்லது ஐந்நூறு பிரதி அடிக்கிறார். பின்பு வெளியீட்டு விழா. விழாவின் அச்சாணி முதற்பிரதி. ஊரின் ஒரு வர்த்தகர் மேடைக்கு அழைக்கப்படுவார், கடித உறை கைமாறும், படம் எடுக்கப்படும். அதற்குப் பின்னால் சிறப்புப் பிரதி பெறுவோர் வரிசை. அச்சுக்கூலியில் கணிசமான பங்கு அந்த ஒரு பின்னேரத்தில் திரும்பிவிட வேண்டும்; வரவேற்புரை நீளுவதற்கும் நன்றியுரையில் முப்பது பெயர் வருவதற்கும் காரணம் இதுதான். கொழும்பில் புரவலர் ஹாசிம் உமர் இப்படி முதற்பிரதி வாங்கிய விழாக்கள் ஏராளம்; முதல் நூல் எழுதுவோருக்கென்றே ‘புரவலர் புத்தகப் பூங்கா’வையும் அவர் நடத்தினார். விழா முடிந்தபின் மிச்சப் பிரதிகள் வீட்டு அலுமாரிக்கு மேல் ஏறும். அங்கேதான் அரசு வருகிறது. மாகாணத் திணைக்களமும் கொழும்பில் தேசிய நூலக, ஆவணவாக்கல் சேவைகள் சபையும் தெரிவான நூல்களில் ஒரு தொகைப் பிரதியை வாங்கும்.

இதே கருவி வேறிடத்தில் வேறு விதமாக வேலை செய்கிறது. நோர்வேயில் 1965 முதல் அரச கலாசார நிதியம் புதிய இலக்கிய நூல்களை வாங்கி நாடெங்கும் உள்ள பொது நூலகங்களுக்கு அனுப்புகிறது. தொடக்கத்தில் நூலுக்கு ஆயிரம் பிரதி. நூல் தரமற்றது என்று ஒதுக்கப்பட்டாலன்றி வாங்கப்படும் என்பது அங்கே ஏறத்தாழ விதி. ஆகவே அச்சிடுமுன்பே பதிப்பாளருக்குக் கணக்குத் தெரியும், ஐம்பது இலட்சம் பேர் பேசும் மொழியில் கவிதைப் புத்தகம் துணிந்து வரும். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலக வரியைச் சேர்த்தது. தாமதம், சிபாரிசு என்று எத்தனை முறைப்பாடு இருந்தாலும் நூலக ஆணையை நம்பியே அங்கே பல பதிப்பகங்கள் நிற்கின்றன. கிழக்கில் அந்த முன்கூட்டிய உறுதி இல்லை. எத்தனை பிரதி, எப்போது, எந்த விலைக்கு என்பது ஒவ்வொரு வருடத்து ஒதுக்கீட்டைப் பொறுத்தது. கொள்வனவு நட்டத்தைக் குறைக்கிறது. ஒரு நூல் வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் பலம் அதற்கு இல்லை.

விருதுகளின் கதையும் அப்படியே. தேசிய அளவிலான கலாபூஷணம் விருதுக்கு 60 வயது தாண்ட வேண்டும். ஆக முப்பது வயதில் பொல்லுப் பிடிக்கும் ஒருவர் அரசின் கண்ணில் கலைஞராவதற்கு இன்னும் முப்பது வருடம் காத்திருக்க வேண்டும். நலிந்த கலைஞருக்கு மாத உதவி உண்டு. அதற்கு நலிவை நிரூபிக்க வேண்டும். உலகின் பெரிய திட்டங்கள் பலவும் இதற்கு எதிர்த் திசையில் நடப்பவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘கிரியேட்டிவ் யுரோப்’ 2021 முதல் 2027 வரைக்கு 2.44 பில்லியன் யூரோ ஒதுக்கியது. அதில் பெரும்பங்கு இன்னும் செய்யப்படாத வேலைக்கு, கூட்டு முயற்சிக்கு, மொழிபெயர்ப்புக்கு, படத் தயாரிப்புக்குக் கொடுக்கப்படுவது. விண்ணப்பப் படிவத்தின் சிக்கலைச் சபிக்காத ஐரோப்பியக் கலைஞர் இல்லை என்பது வேறு கதை.

பணம் கீழே வரும் வழியில் நில வரைபடமும் குறுக்கிடுகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்தில் 649,402 பேர். அதில் சுமார் 43 சதவீதம் முஸ்லிம்கள், 17 சதவீதம் தமிழர். இவர்களில் பெரும்பாலோர் கரையில். கச்சேரியோ உள்நாட்டில், சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் அம்பாறை நகரத்தில். கல்முனையை மையமாகக் கொண்டு கரையோர மாவட்டம் வேண்டும் என்ற பழைய கோரிக்கையில் மொழி, நிர்வாகம் எல்லாம் கலந்திருக்கின்றன. கலாசாரப் பேரவை நிதியும் அம்பாறைக் கச்சேரி வழியால்தான் வருகிறது. அதற்குக் கீழே பிரதேச செயலகம். அங்கே ஒரு மேசை, ஒரு கலாசார உத்தியோகத்தர். பொல்லடிக் குழு உதவி கேட்க வேண்டுமென்றால் முதலில் கலைமன்றமாகப் பதிய வேண்டும். யாப்பு வேண்டும், கூட்டறிக்கை வேண்டும், தலைவர் செயலாளர் பொருளாளர் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அண்ணாவியாருக்கு நூறு பாட்டு மனப்பாடம். யாப்பு எழுத அவர் பேரனைத்தான் கேட்க வேண்டும்.

இந்தப் படிவத்துக்குள் பெண்கள் அநேகமாக வருவதேயில்லை. தாலாட்டும் ஊஞ்சல் பாட்டும் காதல் கவியும் பெரும்பாலும் அவர்களுடையவை. பன்பாய் இழைக்கும் விரல்களும் அவர்களுடையவை. வளவுக்குள் பாடும் ஒருத்திக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் இல்லை. நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் ஊரூராகச் சேகரித்து நூலாக்கிய முஸ்லிம் நாட்டார் பாடல்கள் இல்லாவிட்டால் அவற்றில் பல மண்ணோடு போயிருக்கும். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்த கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்கள் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்ற பெயரில் 2013இல் வெளிவந்தன. வெளியிட்டது சென்னையின் க்ரியா. நாட்டின் பண்பாட்டுச் சொத்தைக் காக்க அமைச்சும் மாகாணத் திணைக்களமும் பிரதேசப் பேரவையும் இருக்க, அந்த வேலையை ஒரு சட்டத்தரணியும் ஒரு கவிஞரும் கடல் கடந்த ஒரு பதிப்பகமும் செய்திருக்கின்றன. புலம்பெயர்ந்தோரின் ஆதரவில் 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளம், கரையோர எழுத்தாளரின் அச்சில் இல்லாத புத்தகங்களையும் சிற்றிதழ்களையும் வருடி ஏற்றியிருப்பதையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

2004 டிசம்பர் 26 கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; நாட்டிலேயே அதிக உயிரிழப்பு இங்குதான். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர வளவுகள் தரைமட்டம். தறிகளும் கையெழுத்துப் பிரதிகளும் புத்தக அலுமாரிகளும் போயின. பின்னால் வந்த தொண்டு நிறுவனங்கள் சிறுவருக்கு ஓவியமும் வீதி நாடகமும் கொண்டுவந்தன. கலையை உளவளத் துணையாகப் பார்க்கும் நிதி இந்தக் கரைக்குப் புதிது. திட்டக் காலம் முடிந்ததும் வாகனங்கள் திரும்பிப் போயின.

நின்று நிலைத்தது ஒன்றுதான்: பல்கலைக்கழகம். அன்றைய அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகி, பின்பு ஒலுவிலில் நிலைகொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம். அஷ்ரப் தாமே கவிஞர். ‘நான் எனும் நீ’ என்ற பெருந்தொகுதி 1999இல் வந்தது. கலை, கலாசார பீடத்தின் தமிழ் விரிவுரையாளர்களும் ஆய்வுக் கட்டுரைகளும் மாநாடுகளும் கலாசார அமைச்சின் கணக்கில் வராதவை. இந்தக் கரையின் பண்பாட்டு ஆய்வுக்கு ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்கும் அரச பணம் மறுபடியும் கல்விச் செலவின் வழியேதான் வருகிறது.

கடந்த சில ஆண்டுகள் கடினமானவை. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், அதே ஏப்ரல் 26 சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்பும் முஸ்லிம் அமைப்புகளுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயையும் சந்தேகத்தோடு பார்க்க வைத்தன. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமையைப் பேண ஜனாதிபதி செயலணி ஒன்று அமைந்தது. பாதுகாப்புச் செயலாளர் தலைமை, தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ அதில் இல்லை. பொத்துவில் மக்களுக்கு அரசின் மரபுரிமை அக்கறை என்பது காணி எல்லைக் கல்லாகத் தெரிந்தது. 2022இல் நாடு கடன் செலுத்துவதை நிறுத்தியபோது கடதாசி விலை பாய்ந்தேறி, பத்திரிகைகளே அச்சை நிறுத்தும் நிலை வந்தது. சிற்றிதழ்களின் பாடு சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியரின் சம்பளமும் பண வீக்கத்தில் கரைந்தது. இன்று எழுத வரும் இளைஞர் பலர் தனியார் துறையில், கட்டாரில், துபாயில். கவிதை முகநூலில் ஏறுகிறது.

செய்யக்கூடிய சில காரியங்களுக்குப் புதுச் சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை. மாகாணத் திணைக்களம் கொள்வனவுத் தொகையை வருட முடிவில் வாங்குவதற்குப் பதில், தெரிவான கையெழுத்துப் பிரதிக்கு வருடத் தொடக்கத்திலேயே இத்தனை பிரதி என்று எழுத்தில் உறுதி கொடுக்கலாம். வாங்கியதைப் பண்டகசாலையில் அடுக்காமல் கல்முனை, அக்கரைப்பற்று மாநகர சபைகளின் நூலகங்களுக்கும் பிரதேச சபை நூலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் நேரே அனுப்பலாம். பொல்லடி அண்ணாவியாருக்கு அறுபது வயதில் ஒரு பட்டம் கொடுப்பதோடு, நாற்பது வயதில் பாடசாலையில் வாரம் இரண்டு பாடவேளை கொடுத்து வருகைதரு ஆசிரியராக மாதக் கொடுப்பனவு வழங்கலாம். அதற்குக் கலாசாரத் திணைக்களமும் கல்வித் திணைக்களமும் ஒரே கோப்பில் கையெழுத்திட வேண்டும். கிழக்கு மாகாணத்தில் இரண்டும் ஒரே அமைச்சின் கீழ் இருந்த காலங்களிலும் அப்படி ஒரு கோப்பு திறக்கப்பட்டதாகத் தெரியவில்லை.